கணைய ஆபரேஷனுக்கு காசு ஏற்பாடு பண்ணுறது எப்படி: குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போற ஆளு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண்ணு மஞ்சளாச்சு, மூணு வாரம் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சாரு, ராத்திரியெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு கையெல்லாம் புண்ணாச்சு. அப்புறம் சி.டி. ஸ்கேன் எடுத்தா கணையத்தோட தலைப்பக்கம் ஒரு கட்டி. விப்பிள் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லி ஒரு எஸ்டிமேட் தாள் கையில தந்தாங்க, அதுல 5,40,000ன்னு இருந்துச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு வந்த பில்லு 9,12,000.

அந்த மூணே முக்கா லட்சம் எங்க போச்சுன்னு நான் பில்லை பக்கம் பக்கமா வச்சுப் பாத்திருக்கேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போனது ஏறக்குறைய அவங்க சொன்ன தொகைதான். மிச்சம் அத்தனையும் போனது ஆபரேஷன் முடிஞ்ச அப்புறம் உள்ள நாட்கள்ல. நாங்க ஆபரேஷன் நாளுக்குக் காசு சேத்தோம், அதுக்கு அடுத்த 23 நாளுக்கு யாரும் சேக்கச் சொல்லித் தரல. அதுக்கப்புறம் எங்க பக்கத்துல நாலஞ்சு குடும்பத்துக்கு இந்த விஷயத்துல கூடப் போய் நின்னிருக்கேன், அதை வச்சுத்தான் இதை எழுதுதேன். மருந்து சமாச்சாரத்துல உங்க டாக்டர் சொல்லுறதுதான் முடிவு, இங்க உள்ளது காசு, பேப்பர், கேள்வி இந்த மூணும்தான்.

முதல் படி: ஆபரேஷன் என்னன்னு புரிஞ்சுக்கோங்க

கணையம் இரைப்பைக்குப் பின்னாடி கிடக்குற, சுமார் 15 செ.மீ. நீளமுள்ள உறுப்பு. அதோட தலை சிறுகுடலோட தொடக்கத்துல ஒட்டி இருக்கு, பித்தக்குழாய் அது வழியாத்தான் போவுது, அதனாலதான் தலையில கட்டி வந்தா மஞ்சள் காமாலை வருது. அமெரிக்க சர்ஜன் ஆலன் விப்பிள் 1935ல வெளியிட்ட முறை இது. கணையத் தலை, சிறுகுடலோட முதல் பகுதி, பித்தப்பை, பித்தக்குழாய்ல கொஞ்சம், சில நேரம் இரைப்பையிலயும் கொஞ்சம், இவ்வளவையும் எடுத்துட்டு மிச்சத்தை குடலோட மூணு இடத்துல இணைப்பாங்க. சாதாரணமா 5ல இருந்து 8 மணி நேரம் ஆவும்.

பில்லைத் தீர்மானிக்கிறது அந்த மூணு இணைப்புல ஒண்ணு, கணையத்தைக் குடலோட தைக்குற இடம். கணையம் இறுகி இருந்தா தையல் பிடிச்சு நிக்கும், மெத்துன்னு இருந்தா நல்லா வெந்த மரச்சீனிக் கிழங்குல ஊசி போட்ட மாதிரிதான். அங்க இருந்து நீர் கசிஞ்சா அதைத்தான் லீக்குன்னு சொல்லுறாங்க. நல்ல ஆஸ்பத்திரியிலயும் நூறுக்குப் பத்து இருபது பேருக்கு சிகிச்சை தேவைப்படுற அளவுக்கு லீக் வருது. அது வந்தாலே டாக்டர் தப்புப் பண்ணிட்டாருன்னு அர்த்தம் இல்ல, ஆனா பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம் இருபது நாளும் முப்பது நாளும் ஆவும்.

கட்டி வால் பக்கம் இருந்தா ஆபரேஷன் வேற, அதுல பெரும்பாலும் மண்ணீரலையும் எடுப்பாங்க, அப்போ தடுப்பூசிச் செலவு தனியா வரும். கணையத்துல கல்லுன்னா ஃப்ரேன்னு ஒரு ஆபரேஷன் இருக்கு, அதுல தலையை முழுசா எடுக்க மாட்டாங்க, செலவும் நாளும் பெரும்பாலும் குறைவு. இந்தக் கல்லு வியாதி கேரளத்துலயும் நம்ம பக்கமும் சின்ன வயசுக்காரங்களுக்குக் கூட வருது, கேரளத்துல டாக்டர் கீவர்கீஸ் 1960கள்லயே இதை விரிவா எழுதி வச்சிருக்காரு. மரச்சீனிதான் காரணம்னு ரொம்ப காலம் பேச்சு உண்டு, அது நிரூபணம் ஆவல. அதனால வீட்டுல "நீ கெழங்கு தின்னுதான் இப்படி ஆச்சு"ன்னு நோயாளியைப் போட்டு வதைக்காதீங்க.

ரெண்டாம் படி: ஸ்கேனுக்கும் ஸ்டென்ட்டுக்கும் காசு கரையாம பாத்துக்கோங்க

நிறைய பேர் ஆபரேஷன் டேபிளுக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு லட்சத்தை விட்டுருவாங்க. மொதல்ல சாதாரண ஸ்கேன், அப்புறம் ஒரு சி.டி., அது சரியில்லன்னு இன்னொரு ஆஸ்பத்திரியில மறுபடி சி.டி. கணையத்துக்குன்னே மருந்து ஏத்தி, ரெண்டு மூணு கட்டமா எடுக்குற சி.டி. இருக்கு, பான்கிரியாஸ் புரோட்டோகால்னு சொன்னா ஸ்கேன் சென்டர்ல தெரியும். மொதல் தடவையே அதை எழுதித் தரச் சொல்லுங்க. ரிப்போர்ட் தாள் மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க, சி.டி. படங்கள் உள்ள டிஸ்க்கையும் வாங்கி வைங்க, அடுத்த சர்ஜன் கேக்குறது அதைத்தான்.

மஞ்சள் காமாலை இருந்தா ஈ.ஆர்.சி.பி. பண்ணி ஸ்டென்ட் வைக்கணும்னு சொல்லுவாங்க, அதாவது வாய் வழியா கேமராக் குழாய் விட்டு, அடைச்ச பித்தக்குழாய்க்குள்ள ஒரு சின்னக் குழாய் வைக்குறது. சில பேருக்கு அது கட்டாயம் வேணும், காய்ச்சலும் நடுக்கமும் இருந்தா, ரத்தத்துல மஞ்சள் காமாலை அளவு (பிலிரூபின்) ரொம்ப ஏறி இருந்தா, ஆபரேஷனுக்கு நாள் தள்ளிப் போனா. ஆனா சீக்கிரமே ஆபரேஷன் நடக்கும்னா ஸ்டென்ட் இல்லாமலே போகலாம்னு முடிவெடுக்குற சர்ஜன்களும் இருக்காங்க, ஏன்னா ஈ.ஆர்.சி.பி.யாலயே கணையம் வீங்கவும் கிருமி தொத்தவும் வாய்ப்பு உண்டு. அதனால ஸ்டென்ட் வைக்குற டாக்டரை மட்டும் கேக்காதீங்க, ஆபரேஷன் பண்ணப்போற சர்ஜனைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. எங்களுக்கு அந்த வரிசை தெரியல. மொதல்ல ஸ்டென்ட் வச்சு 60,000 ஆச்சு, அப்புறம்தான் சர்ஜனையே பாத்தோம்.

மூணாம் படி: எங்க பண்ணுறதுங்குறதுதான் பெரிய காசு முடிவு

ஒரு ஆஸ்பத்திரி வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்ணுதோ, அந்த எண்ணிக்கை கூடக்கூட இறப்பும் சிக்கலும் குறையுதுன்னு உலகம் பூரா ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்திருக்கு. வருஷத்துக்கு 20க்கு மேல பண்ணுற டீம்னா அனுபவமுள்ள இடம்னு நெனச்சுக்கலாம். "போன வருஷம் எத்தனை விப்பிள் பண்ணீங்க, எத்தனை பேருக்கு லீக் வந்துச்சு"ன்னு சர்ஜன்கிட்ட நேராக் கேளுங்க. கேக்க கூச்சமாத்தான் இருக்கும், ஆனா நல்ல சர்ஜன் கோவப்பட மாட்டாரு, எங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போனப்போ கேட்டதும் அவரு ஒரு நோட்டை எடுத்துப் பாத்தே பதில் சொன்னாரு. கூடவே, ராத்திரி ரெண்டு மணிக்கு உள்ள ரத்தம் கசிஞ்சா ரத்தக்குழாய் வழியாப் போய் அடைக்குற இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர் இங்க உண்டான்னும் கேளுங்க. அது இல்லாத இடத்துல 50,000 கம்மின்னு பாத்துச் சேந்தா, அந்த ராத்திரி ஆம்புலன்ஸ்ல திருவனந்தபுரத்துக்கு ஓட வேண்டியது வரும்.

நம்ம மாவட்டத்துல ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான் தொடக்கம். அங்க காட்டி, தேவைப்பட்டா ரெபரல் சீட்டு வாங்கி மேல போகலாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, மதுரை ராஜாஜி, சென்னையில ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, இதெல்லாம் நம்ம அரசாங்க வழி. "சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ எங்க"ன்னு கேட்டாப் போதும். ஸ்டான்லியிலயும் ராஜீவ் காந்தியிலயும் இந்த மாதிரி பெரிய வயித்து ஆபரேஷனுக்குன்னே தனித் துறை நெடுங்காலமா இருக்கு. அரசு ஆஸ்பத்திரின்னு முகம் சுளிக்காதீங்க, பத்து லட்சம் கடன் வாங்கிப் போற இடத்தை விட அங்க கை தேறின சர்ஜன் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காத்திருக்குற நாளு ஒரு குறைதான், புற்றுநோய்னா அதைச் சொல்லி, எப்போ தேதின்னு விடாமக் கேட்டுக்கிட்டே இருங்க.

நம்ம ஆட்கள் பாதிப்பேரு திருவனந்தபுரத்துக்குத்தான் போவாங்க, நாகர்கோவில்ல இருந்து எழுபது கிலோமீட்டருக்குள்ளதான், மெடிக்கல் காலேஜும் ஆர்.சி.சி.ங்குற புற்றுநோய் ஆஸ்பத்திரியும் அடுத்தடுத்து இருக்கு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. நம்ம முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுத் திட்டம், கேரளத்துல அவங்க மக்களுக்கு உள்ள திட்டம் வேற. களியக்காவிளை தாண்டுறதுக்கு முன்னாடி, போற ஆஸ்பத்திரி பேரைச் சொல்லி நம்ம அட்டை அங்க செல்லுமான்னு திட்டத்தோட இலவச எண் 1800 425 3993ல கேட்டுட்டுப் போங்க.

நாலாம் படி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், முன்னாடி அது 72,000ஆ இருந்துச்சு. அப்போ கிடைக்காதுன்னு சொல்லித் திருப்பி விட்டவங்க மறுபடி போய்ப் பாருங்க. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேணும். சான்றுக்கு இ-சேவை மையத்துல பதிஞ்சு, வி.ஏ.ஓ.கிட்ட ஒரு தடவை நேராப் போய் "ஆஸ்பத்திரி கேஸ், சீக்கிரம் வேணும்"னு சொல்லிட்டு வாங்க. அட்டை பதியுறது நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல.

இனி எங்களுக்கு நடந்தது. நாங்க சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரி வாசல்ல காப்பீட்டுத் திட்டத்தோட போர்டு பெருசா இருந்துச்சு, அப்பாகிட்ட அட்டையும் இருந்துச்சு, நாங்க நிம்மதியா அட்மிட் பண்ணிட்டோம். அட்வான்ஸ் கட்டின அப்புறம்தான் சொன்னாங்க, அந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கு, ஆனா எலும்பு சிகிச்சைக்கும் இன்னும் ரெண்டு பிரிவுக்கும் மட்டும்தான்னு. அம்மை அந்த அட்டையை பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சு, சேலை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தா, அதை அவிழ்த்து கவுண்டர்ல நீட்டினது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கு. அதனால "உங்க ஆஸ்பத்திரி திட்டத்துல உண்டா"ன்னு கேக்காதீங்க, "சர்ஜிக்கல் கேஸ்ட்ரோவுக்கு, இந்த ஆபரேஷனுக்கு உண்டா"ன்னு கேளுங்க.

அனுமதி ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்கணும், கைக்காசு கட்டி முடிச்ச அப்புறம் அந்தப் பணத்தைத் திருப்பித் தர்ற திட்டம் இது இல்ல. அனுமதி கிடைச்ச பேக்கேஜுக்கு மேல கவுண்டர்ல காசு கேட்டா, எதுக்குன்னு எழுதித் தரச் சொல்லுங்க, அதே இலவச எண்லயும் சொல்லுங்க.

அண்டி ஆபீஸ்ல (முந்திரிக் கொட்டை ஆலையில) வேலை பாக்குற நம்ம அம்மாமாருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்காங்கன்னா, அதுல கணவர், பிள்ளை, நம்பி இருக்குற அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை உண்டு. டிஸ்பென்சரியில இருந்து ரெபரல் வாங்கிப் போகணும், நேராப் போய்ச் சேந்துட்டு அப்புறம் கேட்டா இழுத்தடிக்கும். அரசு வேலைக்காரங்களுக்கும் ஓய்வூதியக்காரங்களுக்கும் தனிக் காப்பீடு இருக்கு, அதுல லிஸ்ட்ல உள்ள ஆஸ்பத்திரியான்னு மொதல்ல பாருங்க.

அஞ்சாம் படி: எஸ்டிமேட் தாளை எப்படிப் படிக்குறது

எங்களுக்குத் தந்த தாள் ஒரே ஒரு பக்கம். சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், ஐ.சி.யூ. 3 நாள், ரூம் 7 நாள், மருந்து. அடியில சின்ன எழுத்துல, சிக்கல் ஏற்பட்டால் தொகை மாறும். அந்த ஒரு வரிக்குள்ளதான் எங்க மூணே முக்கா லட்சமும் கிடந்துச்சு.

தாளை வாங்கின உடனே பில்லிங் ஆளுகிட்ட உக்காந்து பேசுங்க. இது பேக்கேஜா, இல்ல ஆன ஆன பில்லா? பேக்கேஜ்னா எத்தனை நாள் வரை, அதுக்கு மேல ஒரு நாளுக்கு ஐ.சி.யூ. எவ்வளவு, ரூம் எவ்வளவு? குடலை வெட்டித் தைக்குற ஸ்டேப்ளர் கருவியும் அதுக்கு மாத்தி மாத்திப் போடுற ரீலோடும் இதுல சேந்ததா? ரத்தம் எத்தனை யூனிட் கணக்குல இருக்கு? மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போனா கணக்கு என்ன? பயாப்சி ரிப்போர்ட் தனியா? லேப்ராஸ்கோப்பியா, ரோபோட்டா, திறந்து பண்ணுறதா? ரோபோட்ல பண்ணினா செலவு நல்லாக் கூடும். திறந்து பண்ணுறதும் நிலைச்ச நல்ல முறைதான், அதைத் தேர்ந்தெடுத்தா அப்பாவுக்கோ அம்மைக்கோ துரோகம் பண்ணினதா ஆவாது.

கடைசியா ஒண்ணு கேளுங்க: "லீக் வந்து 25 நாள் கிடந்த ஒருத்தருக்கு இங்க கடைசிப் பில்லு எவ்வளவு வந்துச்சு?" பேர் வேண்டாம், தொகை மட்டும் போதும். இதுக்குப் பதில் சொன்ன ஆஸ்பத்திரியும் உண்டு, மழுப்பின ஆஸ்பத்திரியும் உண்டு. பதில் வராட்டி, எஸ்டிமேட்டோட பாதியைக் கூட வச்சுத் திட்டம் போடுங்க, 5 லட்சம்னா ஏழரை. அது வீட்டுல ரொக்கமா இருக்கணும்னு இல்ல, எங்க இருந்து வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தாப் போதும்.

ஆறாம் படி: தனியார் இன்சூரன்ஸ் உள்ளவங்க

ரூம் வாடகை வரம்புலதான் பெரும்பாலானவங்க விழுவாங்க. 5 லட்சம் பாலிசியில ரூமுக்கு 1 சதவீதம்னு போட்டிருந்தா நாளுக்கு 5,000. நீங்க 8,000 ரூம் எடுத்தா வித்தியாசம் 3,000 மட்டும்னு நெனைப்பீங்க. அப்படி இல்ல. சர்ஜன், தியேட்டர், நர்சிங் இதுக்கெல்லாம் அதே விகிதத்துல வெட்டு விழும். இந்த இனங்கள்ல 3 லட்சம் பில்லுன்னா 1,87,500தான் தருவாங்க, 1,12,500 உங்க தலையில. மருந்து, கன்ஸ்யூமபிள், டெஸ்ட், ஐ.சி.யூ. வாடகை இதுல அந்த விகித வெட்டு போடக்கூடாதுன்னு விதி இருக்கு, போட்டா கேளுங்க. 5,000க்கு மேல உள்ள ரூமுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும். அதனால கொஞ்சம் நெருக்கடியா இருந்தாலும் வரம்புக்குள்ள உள்ள ரூமை எடுங்க.

அடுத்தது குடி. கணைய வீக்கம்னாலே சில கம்பெனிகள் கேஸ் ஷீட்ல குடிப்பழக்கம்னு ஏதாவது எழுதியிருக்கான்னு தேடும், இருந்தா குடியால வந்ததுன்னு சொல்லி கிளெய்மை மறுக்கும். டாக்டர்கிட்ட பொய் சொல்லாதீங்க, மயக்க மருந்து குடுக்குறவங்களுக்கு அந்த உண்மை உயிர் விஷயம். ஆனா கல்யாண வீட்டுல எப்பவோ குடிச்சதை "தினமும் குடிப்பவர்"னு ஜூனியர் டாக்டர் அவசரத்துல எழுதி வச்சா, அட்மிட் ஆன அன்னைக்கே அதை உள்ளபடி திருத்தச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் ஆன அப்புறம் திருத்தினா கம்பெனி நம்பாது.

கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டுற) அனுமதிக்கு 1 மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜ் நேரத்துல 3 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு 2024ல இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்க்குற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டிருக்கு. மறுத்தா காரணத்தை எழுத்துல வாங்குங்க, கம்பெனிக்கு எழுதி 30 நாள்ல தீராட்டி சென்னையில உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனுக்கு (புகாரைத் தீர்த்து வைக்குற அதிகாரி) போகலாம். கட்டணமும் இல்ல, வக்கீலும் வேண்டாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 155255ல கூப்பிட்டும் புகார் பதியலாம்.

ஏழாம் படி: காசு திரட்டுற வரிசை

நம்ம ஊர்ல பழக்கம் என்னன்னா, மொதல்ல கைமாத்து, அப்புறம் வட்டிக்காரன், கடைசியிலதான் நகை. எனக்குத் தோணுறது நேர் தலைகீழா. அவசரத்துல மொதல்ல வட்டிக்காரன்கிட்ட போனா அந்த வட்டியே நகையைத் தின்னுரும். நூறுக்கு மாசம் 5 ரூபான்னா வருஷத்துக்கு 60 சதவீதம். தமிழ்நாட்டுல 2003லயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு, ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குறவனுக்கு அது கை குடுக்காது. பாங்குலயோ ஊர்க் கூட்டுறவு சங்கத்துலயோ நகையை வைங்க. ரிசர்வ் வங்கி 2025ல போட்ட விதிப்படி 2.5 லட்சம் வரை உள்ள கடனுக்கு நகை மதிப்புல 85 சதவீதமும், 5 லட்சம் வரை 80ம், அதுக்கு மேல 75ம் வரை தரலாம். நகையை ஒரே பொட்டலமா வைக்காதீங்க, மூணு நாலு ரசீதா பிரிச்சு வைங்க, கையில இருபதாயிரம் வரும்போது ஒரு சங்கிலியையாவது மீட்டு எடுக்க முடியும். எங்க தங்கச்சி வளையலை அப்படித்தான் மீட்டோம், அம்மையோட மாலை ஒரே ரசீதுல போனதால ஒன்றரை வருஷம் கிடந்துச்சு.

திரட்டின காசை ரொக்கமா மஞ்சப் பையில கொண்டு போயிராதீங்க. ஒரு சிகிச்சைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டம் ஆஸ்பத்திரியை விடாது, கவுண்டர்ல திருப்பி விடுவாங்க. நோயாளியோட பேர்லயோ பிள்ளையோட பேர்லயோ உள்ள கணக்குல போட்டு அதுல இருந்து கட்டுங்க, பின்னாடி வரி விலக்குக்கும் அது ஆதாரம்.

உதவி நிதிகள்ல பிரதமர் தேசிய நிவாரண நிதி புற்றுநோய் சிகிச்சைக்கு உதவுது. ஆஸ்பத்திரி தந்த ஒரிஜினல் எஸ்டிமேட், வருமானச் சான்று, முகவரிச் சான்று, போட்டோவோட எம்.பி. ஆபீஸ்ல குடுத்தா அவங்க கடிதம் வச்சு அனுப்புவாங்க. அரசு ஆஸ்பத்திரியில சிகிச்சை எடுக்குறவங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சரோட விருப்ப நிதியில 1,25,000 வரை கிடைக்கும், வருமானமும் வருஷத்துக்கு அதே 1,25,000க்குள்ள இருக்கணும், ஏற்கெனவே செலவழிச்சதுக்குத் தர மாட்டாங்க. அதனால எஸ்டிமேட் கைக்கு வந்த அன்னைக்கே ஒருத்தர் இந்தப் பேப்பர் வேலையை மட்டும் எடுத்துக்கணும். பங்குத்தந்தைகிட்டயும், ஊர் கமிட்டிகிட்டயும், பழைய ஸ்கூல் கூட்டாளிமாருகிட்டயும் கேக்க வெக்கப்படாதீங்க, ஆனா கேக்கும்போது எஸ்டிமேட் தாளோட நகலைக் குடுங்க, எவ்வளவு சேந்துச்சு, எவ்வளவு பாக்கின்னு வாரம் ஒரு தடவை சொல்லுங்க, ஆளுக நம்பித் தருவாங்க.

எட்டாம் படி: அட்மிட் ஆன அப்புறம், ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். கட்டின தொகை, ரசீது நம்பர், பார்மசியில எடுத்தது, திருப்பிக் குடுத்தது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இடைக்கால பில்லை கேட்டு வாங்குங்க. எங்க பில்லுல ஒரே நாள்ல ஒரே ஊசி ரெண்டு தடவை ஏறியிருந்துச்சு, அன்னைக்கே கேட்டதால எடுத்தாங்க. தியேட்டருக்குன்னு நாங்க பார்மசியில வாங்கிக் குடுத்த பெட்டியில பிரிக்காத பொருளு திரும்பி வரணும், அதுக்கு ரிட்டர்ன் சீட்டு உண்டு. நாங்க ரெண்டாவது தடவைதான் கேட்டோம், 11,000 திரும்பி வந்துச்சு. வேற கடையில மருந்து வாங்குறது நோயாளியோட உரிமைன்னு தேசிய மனித உரிமை ஆணையத்தோட நோயாளி உரிமைச் சாசனம் சொல்லுது. விலை கூடின மருந்தோட ஜெனரிக் பேரை டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்துலயும் முதல்வர் மருந்தகத்துலயும் கேட்டுப் பாருங்க. ரத்தத்தை யாரும் விக்கக்கூடாது, டெஸ்ட்டுக்கும் பிராசஸிங்குக்கும் உள்ள கட்டணம்தான். நம்ம பக்கத்துப் பையன்மாரு மூணு நாலு பேரை முன்னாடியே சொல்லி வைங்க.

ஒன்பதாம் படி: லீக் வந்த நாட்கள்

வயித்துல இருந்து ஒரு டியூப்பு வெளிய வந்து பையில சேரும். மொத ரெண்டு நாள் வெளுத்த சிவப்பா, மூணாம் நாள் பழைய கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கி வந்துச்சு அப்பாவுக்கு. அந்த நீர்ல அமிலேஸ் (கணைய நீர்ல உள்ள செரிமானப் பொருள்) டெஸ்ட் எடுப்பாங்க, ரத்தத்துல இருக்க வேண்டிய உச்ச அளவை விட மூணு மடங்குக்கு மேல இருந்தா லீக்குன்னு சந்தேகப்படுவாங்க. ரிசல்ட்டு வந்த அன்னைக்கே வீட்டுக்கு போன் போட்டு, ரெண்டாம் கட்டக் காசைத் தயார் பண்ணச் சொல்லுங்க, அட்வான்ஸ் தீந்து போச்சுன்னு வார்டுல வந்து சொல்லுற வரை காத்திருக்காதீங்க.

இந்தக் கட்டத்துல காசு போற வழி மூணு. ஒண்ணு சாப்பாடு: வாய் வழியா இறங்காட்டி நரம்பு வழியா ஏத்துற சத்துப் பை, ஒரு பையே சில ஆயிரம், நாள் தவறாம ஒண்ணு. ஆபரேஷன் நேரத்துலயே குடலுக்குள்ள உணவுக் குழாய் வச்சிருந்தா, இல்ல மூக்கு வழியா இறக்க முடிஞ்சா, அது வழியா கஞ்சியும் பவுடரும் குடுக்கலாம், செலவு பெருசா குறையும், கிருமித் தொத்தும் குறைவு. "குடல் வழியா குடுக்க முடியுமா"ன்னு தினமும் ரவுண்ட்ஸ்ல கேளுங்க. ரெண்டு, ஆன்டிபயாடிக், ஆல்புமின் (ரத்தப் புரதம்), ஆக்ட்ரியோடைட் (கணைய நீர் சுரக்குறதைக் குறைக்குறது) ஊசி. ஆல்புமினும் ஆக்ட்ரியோடைட்டும் எதுக்கு, எத்தனை நாளுக்குன்னு டாக்டர்கிட்ட மரியாதையா கேட்டாப் போதும், எங்களுக்கு ஒண்ணை நிறுத்தியே விட்டாங்க. மூணு, ஐ.சி.யூ. நாளு. காய்ச்சல் இல்ல, பிரஷர் சரியா இருக்குன்னா எச்.டி.யூ.வுக்கோ (ஐ.சி.யூ.வுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட பிரிவு) வார்டுக்கோ மாத்தலாமான்னு கேளுங்க. பயந்துபோய் "இங்கயே இருக்கட்டும்"னு சொல்லுறது பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான்.

காசு தீந்தே போச்சுன்னா மறைக்காதீங்க. சர்ஜன்கிட்ட நேராப் போய், எங்களால இவ்வளவுதான் முடியும், அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்த ஏலுமான்னு கேளுங்க. நிலைமை நிதானமா இருக்கும்போது டாக்டர் டாக்டர்கிட்ட பேசி மாத்துறது நடக்குற காரியம், நிலைமை மோசமான அப்புறம் அலைஞ்சா அது வேற கதை. பில்லு பாக்கிக்காக நோயாளியைப் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னும் அதே உரிமைச் சாசனத்துல இருக்கு.

கூட நிக்குறவங்க செலவையும் எழுதுங்க. எங்களுக்கு லாட்ஜ், சாப்பாடு, வண்டின்னு 80,000க்கு மேல போச்சு, யாரும் கணக்குல வைக்காத காசு அது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்ல மதியம் பொதிச்சோறு இலவசமா குடுப்பாங்க, வாங்கிச் சாப்பிடுங்க. சென்னைக்குப் போறவங்க, புற்றுநோய்னா ரயில்ல ஸ்லீப்பர்ல நோயாளிக்கு டிக்கெட் முழுசா இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் சலுகை, அதுக்கு ரயில்வே பாரத்துல டாக்டர் கையெழுத்து வாங்கணும்.

பத்தாம் படி: வீட்டுக்கு வந்த அப்புறம் உள்ள செலவு

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்டு, பயாப்சி ரிப்போர்ட், ஒவ்வொரு பொருளும் பிரிச்ச பில்லு, இந்த நாலும் கையில இல்லாம வாசல் தாண்டாதீங்க. பயாப்சி பின்னாடி வரும்னா தேதி எழுதி வாங்குங்க.

புற்றுநோய்னு பயாப்சியில வந்தா பெரும்பாலும் ஆறு மாசம் கீமோ வரும். அதுக்கு முதலமைச்சர் அட்டை பயன்படும், ஆபரேஷன் தனியார்ல முடிஞ்சாலும் கீமோவை அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கலாம், நாங்க அப்படித்தான் செஞ்சோம். அதே வருஷத்துல ஆபரேஷனுக்கு எவ்வளவு எடுத்திருக்குன்னு பாத்து, அட்டையில மிச்சம் எவ்வளவு இருக்குன்னு கேட்டு வைங்க. சர்க்கரை வரலாம், இன்சுலின் செலவை எழுதுங்க.

எல்லாத்தையும் விட நிறைய பேர் விட்டுருறது என்சைம் மாத்திரை. கணையம் குறைஞ்சதால கொழுப்பு செரிக்காது, மலம் எண்ணெய் மாதிரி மிதக்கும், எடை இறங்கும். அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு ரெண்டு, இடையில காப்பிப் பலகாரத்துக்கு ஒண்ணு, மாசம் ஏறக்குறைய 210 கேப்ஸ்யூல். மொத மூணு மாசம், காசு மிச்சம் பண்ணணும்னு எங்களுக்குத் தெரியாம ஒண்ணு ஒண்ணாக் குறைச்சிருக்காரு, எட்டு கிலோ இறங்கி மறுபடி அட்மிட் ஆனோம், மிச்சம் பிடிச்சதை விட நாலு மடங்கு அங்க போச்சு. கேப்ஸ்யூலை சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் இல்ல, சாப்பிடும்போதே விழுங்கணும். இப்போ அம்மை சோறு போடும்போதே கறிச்சட்டி பக்கத்துல ரெண்டு கேப்ஸ்யூலை எடுத்து வச்சிருவா, மொத உருண்டையோட ஒண்ணு, பாதிச் சோத்துல இன்னொண்ணு.